வலப்பக்கம் தள்ளிய வரிகள்

அவர் எழுதும் புரோகிராமைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு எரியும். அந்த ஆபீசில் சேர்ந்த புதிதில், அவருக்கு இன்னும் மனைவியாகாத காலத்திலேயே எரிந்தது. கல்யாணமாகி, ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம். வீட்டில் கழற்றிய சட்டையை நாற்காலி முதுகில் போடுவார். ஆபீசில் வரிகளை எங்கே தோன்றுகிறதோ அங்கே போடுவார். சட்டையையாவது எடுத்து மடித்து வைக்கலாம்.

நகரத்தில் எந்த பஸ் எந்த டிரைவர் கையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், யாருக்கு எப்போது ஓய்வு என்பதையெல்லாம் தீர்மானிக்கிற புரோகிராம் அது. முக்கால்வாசிக்கு மேல் அவர் ஒருத்தரே எழுதியது. மற்றவர்கள் எழுதினால் வரிக்குக் கீழ் வரி ஒழுங்காக இறங்கி வரும். இவருடையது இரண்டு வரி இடது ஓரத்தில் நிற்கும், மூன்றாவது நடுவில் போய் நிற்கும், திடீரென்று பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும், அப்புறம் ஒரு வரி வலது ஓரத்தில், திரையைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிற தூரத்தில், தன்னந்தனியாக நிற்கும். ஆபீசில் அவருக்குப் பெயரே 'படிக்கட்டு' என்று ஆகிவிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

"கம்ப்யூட்டருக்கு இடைவெளியெல்லாம் கணக்கே இல்லம்மா. எப்படிப் போட்டாலும் ஒரே மாதிரிதான் ஓடும். கண்ணு நமக்குத்தானே இருக்கு?" என்பார்.

"அந்தக் கண்ணுதாங்க வலிக்குது," என்பாள் அவள்.

அடிக்கடி டிப்போவுக்குப் போய் வருவார். போக வேண்டிய அவசியமே கிடையாது. போனில் கேட்டால் போதும். ஆனாலும் போய், டிரைவர்களின் ஓய்வறையில் அந்த அழுக்கு பெஞ்சில் உட்கார்ந்து அரட்டையடித்துவிட்டு வருவார். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு வரி எழுதி, ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி அதை வலப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளுவார். இன்ன எண்ணுள்ள டிரைவருக்கு இன்ன பாதை வேண்டாம், இன்ன நேரம் வேண்டாம் என்று அவ்வளவுதான் இருக்கும். ஏன் என்று இருக்காது.

"காரணத்தைப் பக்கத்துல எழுதி வெச்சா என்னங்க? நாளைக்கு வேற யாராவது பாத்தா என்ன புரியும்?"

"ஒருத்தனோட சங்கடத்தை எதுக்கு ஊரே படிக்கணும்?" என்பார். "எனக்குத் தெரியும். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அந்த வரிகளில் ஒன்றே ஒன்றின் காரணம் மட்டும் அவளுக்குத் தெரியும். அது குடும்பத்துக் காரணம். நாத்தனாரின் புருஷன் பஸ் டிரைவர். சர்க்கரை ஏறி, கண் மங்க ஆரம்பித்ததும், இருட்டிய பிறகு வண்டி எடுக்க மாமா பயந்தார். வெளியே சொன்னால் கண்டக்டர் முதல் கிளீனர் வரை வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். இவர் சத்தமில்லாமல் ஒரு வரியை எழுதி வலப்பக்கம் தள்ளினார். மாமாவுக்கு அதன் பிறகு பகல் டியூட்டிதான் வந்தது. தனக்கு என்னவோ அதிர்ஷ்டம் என்றுதான் மாமா நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மட்டும், "என் தம்பி போட்ட கணக்குலதான் இந்த ஊரு பஸ்ஸெல்லாம் ஓடுது," என்று கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி கைமாறியது. வாங்கினவர்கள் பெரிய ஆட்கள். அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, எல்லாப் புரோகிராம்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒழுங்குபடுத்தப்பட்டு வந்து சேர வேண்டும் என்பது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் போதும். எத்தனை ஆயிரம் வரியானாலும் உள்ளே புகுந்து, கூடுதல் இடைவெளிகளை எடுத்து, எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவிடும். ஆபீசில் அதற்குச் செல்லப் பெயர் சீப்பு.

"யாரு சீப்புப் போடப் போறீங்க?" என்று மேனேஜர் கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் அவள் கை உயர்ந்துவிட்டது. எத்தனை வருஷத்து ஆசை!

அவள் அதைச் செய்த அன்று அவர் லீவு. மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். அவள் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் வந்து, பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது. பச்சை, பச்சை, பச்சை. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு. 'தொடவில்லை' என்று கருவி சொன்னது. எது என்று பார்த்தால், வேறு எது? அவருடைய பெரிய கோப்புதான். திறந்தாள். முதல் வரியில், 'இந்தக் கோப்பைத் தொடாதே' என்று சீப்புக்குச் சொல்லும் குறிப்பை எழுதி வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் எழுதியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று தெரியாத ஆளா?

போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் தொந்தரவு செய்வானேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. கேட்டால் வேண்டாம் என்பார். அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. முதல் வரியை அழித்தாள். மறுபடி கட்டளை கொடுத்தாள். பச்சை விழுந்தது.

திறந்து பார்த்தாள். அடடா! படிக்கட்டு போன இடம் தெரியவில்லை. வலது ஓரத்தில் முறைத்துக்கொண்டு நின்றவையெல்லாம் ஓடிவந்து வரிசையில் நின்றன. பாதிப் பக்கக் காலி இடங்கள் மறைந்து, கோப்பே நீளத்தில் பாதியாகக் குறைந்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "படிக்கட்டை இடிச்சுட்டீங்களே!" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மத்தியானமே அந்தக் கடைசிப் பிரதியை மட்டும் புதியவர்கள் தங்கள் இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பழைய பிரதிகள் இருந்த சர்வரை, ஒப்பந்தத்தில் இருந்தபடி, சாயங்காலத்துக்குள் துடைத்து எடுத்தாயிற்று.

மறுநாள் காலை அவர் வந்து உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முதல் வரியை எடுத்தியா?"

"எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு சிவப்பா நின்னுச்சுங்க."

"சரி."

"கோவமா?"

"இல்லம்மா. அழகாத்தான் இருக்கு."

திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள், அதோடு போயிருக்கும். அவர் சுட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். வீடு மாற்றிய மறுநாள் உப்பு டப்பாவைத் தேடுகிறவர் போல இருந்தது அவர் முகம். நாலு நாளில் பழகிவிடும் என்று அவள் நினைத்தாள். அப்போதும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான் நின்றது. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவள் கூசியது கொஞ்சநஞ்சமில்லை.

சில வாரம் கழித்து மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். புதியவர்கள் ஒரு புரோகிராமுக்கு ஒருவர் என்று, அதை எழுதியவரை மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். பஸ் புரோகிராமுக்கு அவள் பெயர் வந்திருக்கிறது. அவர் பெயர் இல்லை.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஆள் மாத்தி எழுதிட்டாங்க சார். எழுதினது அவருல்ல?"

மேனேஜர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் தானாகப் பதிவாகியிருக்கும். யார் எழுதினார்கள் என்று பார்க்க எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். சீப்பு போட்ட கை அவளுடையது. அதற்கு முந்தின பதிவுகள் துடைத்த சர்வரோடு போயின. அவர் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

"நான் வெறும் இடைவெளியைத்தான் சார் எடுத்தேன். ஒரு எழுத்துகூட என்னுது இல்ல."

"எனக்குத் தெரியாதாம்மா? நான் என்ன நேத்தா வந்தேன்? ஆனா அவங்களுக்கு எதைக் காட்டுறது? என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"என் பேரை எடுத்துட்டு அவரைப் போடுங்க."

"நீ போனா ரெண்டு பேரும் போவீங்க. அவ்வளவுதான் நடக்கும்."

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இந்த ஒரு கம்பெனி, இந்த ஒரு புரோகிராம், இதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இங்கிருந்து போனால் அவரை எவன் கூப்பிட்டு நாற்காலி போடுவான்? அது அவளுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அவள் விடவில்லை. "அவரை உக்கார வெச்சு, புரோகிராமைத் திறந்து, கேள்வி கேக்கச் சொல்லுங்க சார். எழுதினவர் யாருன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சு போகும்," என்று கெஞ்சினாள். மேனேஜர் நல்ல மனிதர். எப்படியோ பேசி ஏற்பாடு செய்தார்.

அவள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா."

"ஏன்? நீங்க எழுதினதுதானே?"

"எழுதினது நான்தான். ஆனா நான் எழுதி வெச்ச இடத்துல இப்ப அது இல்லையே."

"சும்மா பயப்படாதீங்க. வந்து உக்காந்தா எல்லாம் தானா வரும்."

அவள் அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். காலரை இரண்டு முறை தேய்த்தாள்.

சின்ன அறை. சுவரில் பெரிய திரை. புதியவர்கள் தரப்பில் ஒருவர் வந்திருந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர், தணிந்த குரல், எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மரியாதை. கடுகடு முகமாக இருந்திருந்தால் அவரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். மேனேஜர் ஓரமாக உட்கார்ந்தார். அவளையும் இருக்கச் சொன்னார்கள்.

ஸ்வெட்டர்க்காரர் முதலில் பொதுவாகக் கேட்டார். இவர் பொதுவாகச் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார். ஒரு டிரைவர் எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, பஸ் பழுதானால் மாற்று யார் என்பதெல்லாம் வந்தது. அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம் ஸ்வெட்டர்க்காரர், "ராத்திரி ஷிஃப்டைப் பிரிக்கற இடத்தைக் காட்டுங்க சார்," என்றார்.

இவர் சுட்டியை வேகமாகக் கீழே உருட்டினார். கை ஒரு இடத்தில் தானாக நின்றது. எத்தனையோ வருஷமாக நின்ற இடம். அங்கே ராத்திரி ஷிஃப்ட் இல்லை, வேறு எதுவோ இருந்தது. மேலே போனார். கீழே வந்தார். "இங்கதான்... ஒரு பெரிய காலி இருக்கும், அதுக்குக் கீழ..." என்று விரலால் காற்றில் காட்டினார். திரையில் காலியே இல்லை. எல்லாம் ஒரே அடர்த்தியாக, ஒரே வரிசையாக, ஒன்று மாதிரியே மற்றொன்று நின்றது.

"பரவால்ல சார். இதைச் சொல்லுங்க." ஸ்வெட்டர்க்காரர் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "இந்த எண்ணுள்ள டிரைவருக்கு சாயங்காலத்துக்கு மேல டியூட்டி போடாதேன்னு இருக்கு. இது எதுக்கு?"

அது மாமாவின் வரி.

இவர் அதைப் பார்த்தார். முன்னால் சாய்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த வரி வலது ஓரத்தில் தனியாக நின்றிருந்தால், மூடிய கண்ணோடு சொல்லியிருப்பார். கூட்டத்தில் நிற்கிற வரி அவருக்கு யாரோ மாதிரி இருந்தது.

"இது நான் எழுதினதா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அறையில் எல்லார் காதிலும் விழுந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. "மாமாங்க... கண்ணு தெரியலைன்னு நம்ம மாமாவுக்காகப் போட்டீங்களே..." என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்வெட்டர்க்காரர் அவள் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "உங்களுக்குத் தெரியுது மேடம்," என்றார். மேனேஜர் தரையைப் பார்த்தார். இவர் மட்டும் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். 'படிக்கட்டு' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

"ஆமாமா. மாமாவுதுதான்," என்றார். "அவளுக்கு எல்லாம் தெரியும் சார்."

அந்த மாசக் கடைசியோடு அவர் வேலை முடிந்தது. மேஜையில் எடுத்துப்போக ஒன்றுமில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலும் டிப்போக்காரர்கள் கொடுத்த ஒரு சுவர்க் கடிகாரமும்தான். நாத்தனார் போன் போட்டாள். "அவன் போட்ட கணக்குல ஊரே ஓடுது, அவனையே வெளிய அனுப்பிட்டாங்களா? பக்கத்துலயே நீ இருந்தியேம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவரை வெளியே அனுப்பியது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சொன்னேன் அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டில் அவர் மிகவும் ஒழுங்காகிவிட்டார். கழற்றிய சட்டையை மடித்து வைத்தார். செருப்பை ஜோடியாக விட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

அப்புறம் அவளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. காரணம் தெரியாத தனி விதிவிலக்குகள் புரோகிராமில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் கொடுக்கவும், கொடுக்க முடியாதவற்றை நீக்கவும் என்று. எழுதியவள் அவள்தானே என்று அவளைக் கேட்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தது மாமாவுடையது ஒன்று. மற்றவையெல்லாம் வெறும் எண்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, கம்பெனி லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"டிப்போவுல கேட்டுப் பாக்கலாமாங்க?"

"என்னன்னு கேப்ப? அவங்களுக்கே தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போடலையே." சொல்லிக்கொண்டே அவர் திரையைப் பார்த்தார். ஒரு வரியில் நின்றார். ஏதோ ஒரு எண்ணுள்ள டிரைவருக்கு ஆற்றுப்பாலப் பாதை வேண்டாம் என்று இருந்தது. விரல் ஸ்பேஸ் பட்டனுக்குப் போனது. தட்டினார். வரி கொஞ்சம் நகர்ந்தது. தட்டிக்கொண்டே போனார். வரி கூட்டத்தை விட்டு விலகி, நடுவைத் தாண்டி, வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே எண்டரைத் தட்டித் தட்டி ஒரு பெரிய காலியை உண்டாக்கினார். நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். எத்தனையோ நாளாகப் பார்க்காத முகம்.

"இரு... இரு... இது அந்தப் பெஞ்சுல மூலையில உக்காருவாரே... மழை பெஞ்சுது அன்னிக்கு... அவரு சொன்னாரு, அந்தப் பாலத்துல அவரோட..."

விரல் ஒரு கணம் சும்மா இருந்தது. புதியவர்களின் லேப்டாப்பில் சீப்பைக் கூப்பிட வேண்டியதே இல்லை. கை ஓய்ந்தால் தானாக வந்து வாரிவிடும். நிறுத்தவும் விட மாட்டார்கள், ஒரு வரியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டவும் விட மாட்டார்கள். காலி மறைந்தது. வரி ஓடிவந்து பழையபடி இடது ஓரத்தில், வரிசையில் நின்றது.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"அவரோட...?" என்றாள் அவள். "சொல்லுங்க. அவரோட யாரு?"

அவர் திரையையே பார்த்தார். எது அந்த வரி என்றுகூட இப்போது தேட வேண்டியிருந்தது. மறுபடி ஸ்பேஸைத் தட்டப் போன கை பாதியில் நின்று, மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது.

"தெரியலம்மா."

"இன்னொரு தடவை தள்ளிப் பாருங்க. நான் வேணா பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கேன், சீப்பு வராது. தட்டிக்கிட்டே இருந்தா வராதுங்க."

"விடு. அழிச்சிடு." எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் நேராகத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

அந்த எண்ணுக்குரியவர் யார், ஆற்றுப்பாலத்தில் அவருடைய யாருக்கு என்ன ஆனது, அடுத்த வாரம் அந்தப் பாதையில் டியூட்டி விழுந்ததும் அவர் யாரிடம் போய் நிற்பார் என்று நினைத்துப் பார்த்தாள். போய் நிற்க ஆள் இல்லை. காரணம் என்ற இடத்தில் ஏதாவது பொய்யை எழுதலாமா என்று பார்த்தாள். சான்று இணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஒரு வரி அகலத்துக்கு அங்கே காலி விழுந்தது. அந்தக் காலியாவது இருக்கட்டும் என்று கையை எடுத்தாள். கை ஓய்ந்ததும் சீப்பு வந்து அதையும் மூடியது. மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டி நின்றன, இரண்டுக்கும் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் அடுத்த எண்ணுக்குப் போனாள்.